தாய்மாமன் கொண்டுவந்த கம்ப்யூட்டர்

"ஆத்தா, அதுல கை வைக்காத."

சடையாண்டியின் குரல் கேட்டதும் தமிழ்நிலா அப்படியே நின்றாள். அவள் கையில் குறுந்தகடு. கம்ப்யூட்டரின் தட்டு வெளியே நீட்டிக்கொண்டு காத்திருந்தது.

"எக்ஸ்பின்னு புது விண்டோஸ் போட்டாத்தான்ப்பா காலேஜ் பாடமெல்லாம் ஓடும். இந்தத் தொண்ணூத்தெட்டு விண்டோசை இப்ப யாரும் வச்சிக்கிறதில்ல."

"ஊர்ல யாரும் எதையும் வச்சிக்காம இருக்கட்டும். இது சீரு."

சீர்தான். ஐந்து வருடங்களுக்கு முன், தமிழ்நிலாவின் சடங்குக்கு, அவள் அம்மா சிவனம்மாளின் தம்பி அழகர் அதை வடமதுரையிலிருந்து டிராக்டரில் கொண்டுவந்து இறக்கினான். மற்ற தாய்மாமன்கள் பீரோவும் கட்டிலும் வைத்த காலம் அது. கொட்டுமேளத்தோடு தெருவில் வந்த மானிட்டருக்குச் செவ்வந்தி மாலை, திரையின் நடுவில் சந்தனப் பொட்டு.

டிவியா என்று கேட்டவர்களுக்கெல்லாம், "கம்ப்யூட்டரு" என்று, அதோடு கூடப் பிறந்தவரைப் போலப் பதில் சொன்னார் சடையாண்டி.

சீர்ப் பொருளைக் கொடுத்தவரிடம் கேட்காமல் மாற்றும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. சிவனம்மாளின் சீர் அண்டா ஒழுகியபோதுகூட, பாத்திரக் கடைக்குப் போகும் முன் வடமதுரைக்கு ஆள் போனது. கேட்காமல் மாற்றினால், மட்டமான பொருளை வைத்துவிட்டான் என்று ஊருக்குப் பறையடிப்பதாகும்.

கேட்டிருக்கலாம். அழகரோடுதான் பேச்சு இல்லையே.

புது வீடு கட்டிப் பால் காய்ச்சிய பத்திரிகையில், சிவனம்மாளின் தங்கை கணவர் பெயருக்குக் கீழே சடையாண்டியின் பெயரை அச்சடித்திருந்தான் அழகர். மூத்த மாப்பிள்ளை கீழே. நேற்று வந்தவர் மேலே. சடையாண்டி அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மனைவியையும் மிதிக்க விடவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு பொங்கலுக்குப் பிறந்த வீட்டுப் பானை வரவில்லை. சிவனம்மாள் கடையில் வாங்கிய பானையில் பொங்கினாள். பால் பொங்கியது. அவள் குலவையிடவில்லை.

அடுத்த வாரம் மூன்றாவது பொங்கல்.

"அப்ப நீங்களே மாமாகிட்டக் கேளுங்கப்பா" என்றாள் தமிழ்நிலா.

அடுப்படியிலிருந்து சிவனம்மாளின் குரல் வந்தது. "உங்கப்பா எப்படிக் கேப்பாக? பிள்ளை படிப்பு கீழ போனாலும் அவுக பேரு மேல இருக்கணும்ல!"

சடையாண்டி எழுந்தார். மைத்துனனிடம் வெற்று மேலோடு பேச முடியாது. ஆணியில் கிடந்த சட்டையைப் போட்டு, கழுத்துப் பொத்தான் வரை மாட்டிக்கொண்டு, தொலைபேசிக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"போடு நம்பரை."

மணி அடித்தது. அழகர்தான் எடுத்தான்.

"சடையாண்டி பேசுறேன். நல்லாருக்கியான்னு கேக்கப் பேசல. நீ வச்ச சீருல ஒரு மாத்தம் செய்யணுங்கிறா உன் மருமக. கேக்க வேண்டியது எங்க முறை. கேட்டுட்டேன்."

சடையாண்டியின் முதுகு இன்னும் கொஞ்சம் விறைத்தது.

பிறகு தொலைபேசியைத் தாண்டிக் கூடம் முழுக்கக் கேட்டது அழகரின் குரல்.

"நான் வச்ச பொருளு பழசாப் போச்சுன்னா எனக்குல்ல மச்சான் அசிங்கம்! ஒருத்தரும் தொடக் கூடாது. அது என்ன எழவோ, நாளைக்கு ஆளக் கூட்டிக்கிட்டு நானே வாரேன். புதுசு என் செலவுலதான் ஏறணும், ஆமா!"

"வா. வாறப்பப் பொங்கப் பானையையும் தூக்கிட்டு வந்துரு. அதுக்குன்னு இன்னொருக்கா அலையணுமாக்கும்? பெட்ரோல் என்ன சும்மாவா ஊத்துறாய்ங்க?"

அடுப்படியில் கரண்டி விழுந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. சிவனம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தபடி கூடத்துக்கே வந்துவிட்டாள்.

"ஒரு கிலோ கறி பத்தாதுங்க. எந்தம்பி ஒருத்தனே முக்காக் கிலோ திம்பான். சீரகச் சம்பா இருக்கான்னு வேற பாக்கணும்" என்று யாருக்கும் சொல்லாமல் எல்லாருக்கும் சொல்லிவிட்டு, பானை அடுக்கை உருட்டப் போனாள்.

தமிழ்நிலா குறுந்தகட்டை உறைக்குள் போட்டாள். உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கம்ப்யூட்டரை அணைக்கக் குனிந்தாள்.

சடையாண்டி குரலைத் தணித்தார்.

"ஆத்தா."

"என்னப்பா?"

"மாமன் வாறதுக்குள்ள அதுல அந்தப் பழசைத் திருப்பி ஏத்தி வச்சிரு."

தமிழ்நிலாவின் கை சுவிட்சிலேயே நின்றுவிட்டது.

"ஆயுத பூசைக்குப் பொட்டு வச்சு, சுவிட்சைப் போட்டுப் பாத்தேன். எக்ஸ்பின்னு கொட்டை எழுத்துல வந்துச்சு. அப்புறம் பாத்தா, ஒண்ணும் தெரியாதது மாதிரி மூஞ்சி மட்டும் தொண்ணூத்தெட்டோட பழைய மூஞ்சி. மூணு மாசமா உள்ள அதுதான ஓடுது? இன்னைக்கு என் முன்னால தட்டை நீட்டுனது மாமனுக்குப் போன் போட வைக்கத்தான? உங்கப்பனுக்கு ரெண்டு எழுத்து வாசிக்கத் தெரியாதா?"

அவள் வாயைத் திறந்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"என் மச்சினன் வந்து பாக்கையில அது தொண்ணூத்தெட்டா இருக்கணும். கேட்டாச்சுல்ல, அவன் கையாலதான் புதுசு ஏறணும்."