மன்னிக்க வந்தவர்

"உன்னை மன்னிச்சுட்டேன்டா," என்றார் அண்ணன். இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

கதவைத் திறந்த தம்பி அப்படியே நின்றான். மூன்று வருடங்களாக இந்த வாசலை மிதிக்காத மனிதர்.

"உள்ளே வாங்கண்ணே."

"வர்றேன். முதல்ல சொல்லிடணும்னு பார்த்தேன். உட்கார்ந்துட்டா பேச்சு வேற எங்கயாவது போயிடும்."

ஆராதனைக்குப் போகும் வெள்ளைச் சட்டையில் இருந்தார். நாற்காலியை இழுத்தவர், உட்காரும் முன் அதன் காலை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"யார் செஞ்சது?"

"நான்தான்."

"கை இன்னும் கெட்டுப்போகலை," என்று உட்கார்ந்தார்.

தம்பி மனைவி தலை வாரிக்கொண்டிருந்த சீப்போடு அறையிலிருந்து வந்தாள். "வாங்க அத்தான்," என்றாள். சொல்லில் இருந்த வரவேற்பு முகத்தில் இல்லை.

"நீயும் கேளும்மா. இன்னைக்குத் திருவிருந்து. எல்லாரும் எழுந்து மேசைக்குப் போறப்ப நான் மட்டும் இத்தனை நாளா பெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். தம்பி மேல இவ்வளவு கசப்பை வச்சுக்கிட்டு அந்த அப்பத்தை எப்படிக் கையில வாங்கறது? பாஸ்டர் நேத்து கூப்பிட்டுக் கேட்டாரு. முதல்ல தம்பிகிட்டப் போய் அதைத் தீர்த்துட்டு வாங்கன்னாரு. அதான் நேரா இங்க வந்துட்டேன்."

"தீர்ந்துடுச்சா?" என்றாள் அவள்.

"சுத்தமா. அப்பா கட்டின பட்டறை போச்சு. அவர் கை பட்ட உளி, இழைப்புளி எல்லாம் சாம்பலாப் போச்சு. எல்லாம் இவன் ஒரு சிகரெட்டை ஒழுங்கா அணைக்காம வந்ததால. பொறுப்பில்லாத பய. ஆனா மன்னிச்சுட்டேன்."

"மன்னிச்ச மாதிரி தெரியலையே அத்தான்."

"தப்பு என்னன்னு எடுத்துச் சொன்னாத்தானேம்மா மன்னிப்புக்கு மரியாதை?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"அண்ணனுக்கு டீ போடேன்," என்றான் தம்பி.

"பால் இல்லை."

"இல்லாமப் போடு."

அவள் நகரவில்லை. அண்ணன் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டார்.

"கிருபை, கிருபைன்னு வாரா வாரம் கேட்டிருக்கோம். எனக்கு ராத்திரிதான் புரிஞ்சுது. வாங்கிக்கிறவனுக்கு அதுல ஒண்ணுமே தெரியாதுடா. அவன்பாட்டுக்குச் சாப்பிடுவான், தூங்குவான். பாரமெல்லாம் கொடுக்கிறவன் தலையிலதான்."

"சரியாச் சொன்னீங்கண்ணே," என்றான் தம்பி.

அவள் சமையலறைக்குள் போனாள். பாத்திரம் ஒன்று தேவைக்கு மேல் சத்தமாக அடுப்பில் உட்கார்ந்தது.

"கோபமா இருக்காளா?"

"காலையிலிருந்தே தலைவலி."

"பாவம்." அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "கேளு. மார்க்கெட்டுக்குப் பின்னால ஒரு கொட்டகை பிடிச்சிருக்கேன். எவனோ ஒருத்தன் கம்பெனியில நீ பிளைவுட் ஒட்டிக்கிட்டு இருந்தது போதும். வந்துடு. நீ இழைச்சுக் கொடு, நான் பாலிஷ் போடறேன். பழையபடி."

தம்பி சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"என்னடா யோசிக்கிற? தனியா முடியலடா எனக்கு." வந்ததிலிருந்து அவர் தயங்கிச் சொன்னது அது ஒன்றுதான்.

தம்பி அவருடைய விரல்களைப் பார்த்தான். நகக்கண்களில் பாலிஷ் கறை. ஞாயிற்றுக்கிழமைக் குளியலுக்கும் போகாத கறை.

"வர்றேண்ணே. ஆனா ஒண்ணு. தினமும் கடைசியா இருந்து, பட்டறையைப் பெருக்கி, பூட்டிட்டு வர்றது நானாத்தான் இருக்கணும்."

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். "எரிச்சவன் கையிலேயே சாவியா? ஊர்ல யாராவது கேட்டா என்னைப் பைத்தியம்னு சொல்லுவான்."

"அப்படின்னாத்தான் வருவேன்."

"சரி, போ. மன்னிச்சாச்சு, அப்புறம் என்ன சாவியில கணக்கு? வச்சுக்க." தன் பெருந்தன்மை தனக்கே பிடித்துப்போனதில் அவர் முகம் மலர்ந்தது. "ஆமா, நான்தான் பேசிக்கிட்டே இருக்கேன். நீ இன்னும் ஒரு வார்த்தை கேட்கலையே."

"என்னண்ணே?"

"மன்னிப்புடா."

"மன்னிச்சுடுங்கண்ணே."

"ம்." அவர் எழுந்து தம்பியை இழுத்து அணைத்துக்கொண்டார். முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். வந்த டீயை நின்றபடியே குடித்து, "சர்க்கரை போட மறந்துட்டியேம்மா. பரவாயில்லை, இன்னைக்கு எல்லாருக்கும் மன்னிப்பு," என்றார். "சீக்கிரம் வாங்க. முன் வரிசையில இடம் பிடிச்சு வைக்கிறேன். இன்னைக்கு மேசைக்கு நம்ம ரெண்டு பேரும் ஒண்ணாப் போகணும்."

விறுவிறுவென்று படியிறங்கிப் போனார்.

அவள் காலி டம்ளரோடு ஜன்னலருகே நின்றாள்.

"சபையில எவளும் என் பக்கத்துல உட்கார மாட்டேங்கறா. பட்டறையைக் கொளுத்தினவன் பொண்டாட்டியாம். இன்னைக்காவது நீங்க வாயைத் திறந்திருக்கலாம்."

"திறந்துட்டா? அப்புறம் ஆயுசுக்கும் பாலிஷ் துணியைத் தொட மாட்டாரு. அதைவிட்டா அவருக்கு என்ன தெரியும்?"

"அதுக்காக? பிடிக்காத சிகரெட்டைப் பிடிச்சேன்னு சொல்லிப் பழியை ஏத்துக்கிட்டதும் இல்லாம, இப்ப மன்னிப்பும் கேட்கறீங்க. அவர் பாலிஷ் போட்டுட்டு மூலையில குவிச்சுட்டுப் போன எண்ணெய்த் துணிதான் தானா சூடேறிப் பத்திக்கிச்சுன்னு தீயணைப்பு அதிகாரி உங்ககிட்டதானே சொன்னாரு?"

"மெதுவாப் பேசு," என்றான் தம்பி. "அண்ணன் இன்னும் தெருமுனையைத் தாண்டலை."