பன்னெண்டு நம்பர் ஸ்பேனர்

மலையில் நின்றுபோகும் பைக்குகளை அங்கேயே போய்ச் சரிசெய்ய இசைவாணி வாங்கிய பழைய லோடு ஆட்டோ, கள்ளக்குறிச்சிப் பட்டறை வாசலில் புது நீலத்தில் பளபளக்கிறது. பெயிண்ட் வாசம் போகவில்லை. சக்கரத்துக்கு வைக்க எலுமிச்சம்பழங்களோடு வெல்டர் வேடியப்பன் குனிகிறார். வண்டிக்குள் முக்காலியில் உட்கார்ந்திருக்கும் இசைவாணி கண்ணை மூடிக் கையை நீட்டுகிறாள். “இன்னாம்மா, சாமி கும்புடறியா?” “இல்லண்ணா. பன்னெண்டு நம்பர் ஸ்பேனர தேடறேன்.” விரல்கள் வெறும் தகரத்தைத் தடவுகின்றன. ஸ்பேனர்கள் தொங்கும் சட்டம் ஒரு சாண் மேலே இருக்கிறது. “அறுத்துக் கீழ எறக்குங்கண்ணா.” “காலைலருந்து பண்ண வேலம்மா! கண்ண தொறந்தா தெரியப்போவுது.” “மலை மேல கரியாலூர்ல பனி மூடிக்கிச்சுன்னா, கண்ண தொறந்தாலும் ஒண்ணுதான், மூடனாலும் ஒண்ணுதான்.” பழங்களைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, முணுமுணுத்தபடி அவர் கட்டிங் மிஷினை எடுக்கிறார். தீப்பொறி தெறித்து, நீலம் பொசுங்கிக் கறுக்கிறது. அவள் அந்தக் கறையைப் பார்க்கவே இல்லை. இறக்கிப் பற்றவைத்த சட்டம் சூடு ஆறியதும் ஸ்பேனர்களை வரிசையாக மாட்டி, மறுபடி முக்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடுகிறாள். கை நேராகப் போகிறது, துழாவவில்லை, தடுமாறவில்லை. எடுத்த ஸ்பேனரின் எண்ணைக் கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறாள். கண்ணைத் திறக்காமலே சொல்கிறாள்: “இப்ப வையுங்கண்ணா, பழத்த.”