எலி வாங்கிய ரொட்டிக் கத்தி

ஓர் எலிக்கு ஒரு முழு ரொட்டி கிடைத்தது. கடித்துத் தின்பது நாகரிகமில்லை, பல் வைத்த நல்ல கத்தியாக வாங்கி, துண்டு துண்டாக அறுத்துத்தான் தின்ன வேண்டும் என்று அதற்குத் தோன்றிவிட்டது.

"பிள்ளைங்க பசியில கத்துதுங்க" என்றாள் மனைவி. எலி அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், ரொட்டியையும் தூக்கிக்கொண்டு பெருச்சாளியின் கடைக்குப் போனது.

"அறுத்துப் பார்த்தே வாங்குங்க அண்ணாச்சி" என்றது பெருச்சாளி.

முதல் கத்திக்குப் பல்லே இல்லை; ரொட்டியை நசுக்கியது. அடுத்ததற்குப் பொடிப் பல். ரொட்டியை உதிர்த்துத் தள்ளியது. இன்னொன்று நீளம் போதாமல் பாதியிலேயே நின்றது. நசுங்கியது, உதிர்ந்தது எல்லாவற்றையும், "கடை சுத்தமா இருக்கணும்ல" என்று பெருச்சாளி வாயில் போட்டுக்கொண்டது. எலியின் கண்ணெல்லாம் கத்தியின் மேல்தான் இருந்தது.

கடைசியில் நீளமான, ஆழமான பல்லுள்ள கத்தி ஒன்று, மிச்சமிருந்த ரொட்டியை நசுக்காமல் உதிர்க்காமல் அழகாக அறுத்தது. "இதுதான் கத்தி!" என்று எலி துள்ளியது.

"உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாது" என்று சொல்லிக்கொண்டே அந்தத் துண்டுகளையும் விழுங்கியது பெருச்சாளி.

எலி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வளைக்குள் நுழைந்தது. "பல்லைப் பாரு, என்ன வரிசை!"

மனைவி அதன் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "ரொட்டி எங்கேங்க?"

"ரொட்டி எந்த எலி வீட்டிலதான் இல்லை?" என்றது எலி. "இப்படி ஒரு கத்தி யார் வீட்டில இருக்கு, சொல்லு!"