பலகை இறங்கினால்

“பெர்மிட் பேப்பர் வர்ற வரைக்கும் நீ ஒரு துண்டைக்கூட மடிக்கக் கூடாது தம்பி. வேணும்னா அந்தப் பெஞ்சுல உட்கார்ந்து பாரு. பாக்கறதுக்குப் பேப்பர் வேண்டாம்.”

சலவைக்கடை முதலாளியம்மா சொன்னால் சொன்னதுதான். பிழைக்க வந்த நாட்டில் முப்பது வருடமாகச் சட்டத்துக்கு ஒரு நூல் பிசகாமல் கடை நடத்துகிறவர். அவர் கடையில் ஈ பறந்தாலும் அனுமதிச் சீட்டோடுதான் பறக்கும்.

இஸ்திரிக்காரர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். சொந்த ஊரில் பதினெட்டு வருடம் பெட்டி பிடித்த கை. அவர் தேய்த்த வேட்டியின் மடிப்பில் வெங்காயம் நறுக்கலாம் என்று பேர். மனைவி இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளோடும் மகளோடும் இருக்க வந்தவருக்கு விசா இந்த மாதக் கடைசி வரைக்கும்தான். அதற்குள் வேலை அனுமதிக்கு விண்ணப்பம் போய்விட்டால் தங்கலாம். போகாவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். “அப்பா, நீங்க எந்தக் கிழமை போறீங்க?” என்று மகள் காலண்டரைப் பார்த்துக் கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

கடைக்குள் ஆவி கக்கும் இயந்திரங்களோடு நான்கு பேர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். நாலு பேரும் அந்த ஊர்க்காரர்கள். வாசல் கண்ணாடியில் ‘ஆள் தேவை’ என்று ஒரு பலகை தொங்கியது.

“அந்தப் பலகை இறங்கட்டும், அன்னைக்கே உன் விண்ணப்பத்தை அனுப்பிடறேன்” என்று முதலாளியம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தார். அதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வாங்க முடியாது. அதற்கு அர்த்தம் சொன்னவர் சகலை. பத்து வருடமாக அந்த நாட்டில் இருப்பவர். வக்கீலுக்குப் படிக்கவில்லையே தவிர, மற்றபடி வக்கீல்தான்.

“ஒரு மாசம் பலகை தொங்கணும் சகலை. உள்ளூர்ல ஒரு ஆளும் கிடைக்கலைன்னு காட்டினாத்தான் நமக்குக் குடுப்பாங்க. எவனாவது உள்ள நுழைஞ்சு வேலையை வாங்கிட்டான்னா, உங்க கதை கந்தல்.”

அன்றிலிருந்து இஸ்திரிக்காரர் பெஞ்சில் உட்காரவில்லை. காவல் இருந்தார்.

அந்த ஊர் மொழியில் அவருக்கு இரண்டே சொற்கள்தான் தெரியும். ஒன்று ‘சூடு’. இன்னொன்று ‘போச்சு’. அந்த இரண்டை வைத்துக்கொண்டு அவர் விடிய விடிய வில்லுப்பாட்டே நடத்துவார். முதலில் வேலை கேட்டு வந்தவன் மலை மாதிரி இருந்தான். இஸ்திரிக்காரர் உள்ளேயிருந்த இயந்திரத்தைக் காட்டி ‘சூடு’ என்றார். தன் புருவத்தைத் தொட்டு ‘போச்சு’ என்றார். மலை தன் புருவங்களைத் தடவிப் பார்த்துக்கொண்டே நகர்ந்துவிட்டது. அடுத்து வந்தவனுக்குப் போகிற அளவுக்குப் புருவம் இல்லை. அதனால் அவனுக்குக் காது. மூன்றாவது ஆளுக்கு ஒரு பெருமூச்சே போதுமானதாக இருந்தது. இப்படியாக மொத்தம் ஏழு பேர்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மார்போடு அணைத்திருந்தாள். இஸ்திரிக்காரர் ‘சூடு’ என்றார். புருவத்தைத் தொட்டார்.

அவள் சிரித்தாள். சட்டைக் கையைச் சுருட்டி மணிக்கட்டைக் காட்டினாள். இஸ்திரிப் பெட்டியின் மூக்கு பதிந்த பழைய தழும்பு. இஸ்திரிக்காரரின் மணிக்கட்டிலும் அதே இடத்தில் அதே தழும்பு இருந்தது. பிறகு அவள் கையைத் தரைக்கு மேல் மூன்று உயரத்தில் பிடித்துக் காட்டினாள். மூன்று பிள்ளைகள். தெருக்கோடியில் பூட்டிக் கிடந்த ஒரு கடையைக் காட்டி, ‘போச்சு’ என்றாள்.

அவர் சொல்லை அவருக்கே திருப்பிச் சொன்னது அவள் ஒருத்திதான்.

இஸ்திரிக்காரர் அந்த உறையைப் பார்த்தார். அதே மாதிரி ஒன்றைத்தான் அவரும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறார். மகள் கேட்ட கிழமை ஞாபகம் வந்தது. ஆனாலும் எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

அதோடு நின்றாரா என்றால், இல்லை. அம்மா அவளை இயந்திரத்தில் நிறுத்தி வேலை வாங்கிப் பார்த்தபோது, கண்ணாடிக்கு வெளியே நின்று சைகையிலேயே பாடம் நடத்தினார். அந்த மிதி இறுகும், குதிகாலால் அழுத்து. அம்மாவுக்கு முதலில் காலரைத் தேய்க்கணும், அப்புறம்தான் சட்டைக் கை. சைகைக்கு யாரும் பேப்பர் கேட்கவில்லை.

பத்து நிமிடத்தில் அம்மா வெளியே வந்து பலகையைக் கழற்றினார். இஸ்திரிக்காரர் சட்டையை நீவிவிட்டுக்கொண்டார்.

“வரேங்கம்மா. போய்ப் பெட்டி கட்டணும்.”

“எங்க கிளம்பற? பாஸ்போர்ட்டை எடு. பலகை இறங்கினா உன் விண்ணப்பத்தை அனுப்பறேன்னு சொன்னேன்ல?”

“அதான் உள்ளூர்லயே ஆள் கிடைச்சாச்சேம்மா.”

“கிடைச்சாத்தானே அனுப்ப முடியும்? அஞ்சு உள்ளூர்க்காரங்க வேலையில இருந்தாத்தான் ஒரு வெளிநாட்டுக்காரருக்கு அனுமதி கேக்கலாம். நாலு பேரை வச்சுக்கிட்டு, உனக்காக அஞ்சாவது ஆளைத் தேடி ஒரு மாசமாத் தவம் கிடக்கறேன். வந்த ஏழு பேரும் புருவத்தையும் காதையும் தடவிக்கிட்டே வாசலோட திரும்பிட்டாங்க. நீ இங்கயேதானே உட்கார்ந்திருந்த, என்ன காரணம்னு ஏதாவது தெரியுமா தம்பி?”

இஸ்திரிக்காரர் தன் புருவத்தைத் தடவிக்கொண்டே பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார்.