ஒரே ஷிப்ட் வேண்டாம்

அட்டவணையில் அந்த இரண்டு பெயர்களை எங்கே போட்டாலும் இடித்தது.

நாளைக் காலை ஹோட்டலுக்கு இருநூறு விருந்தினர்கள் வருகிறார்கள். அறைகளைத் தயார் செய்யத் துப்புரவுப் பெண்கள் மொத்தப் பேரும் ஆறு மணிக்கே வந்து நிற்க வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள், அவர்களில் ஒரு மாமியாரும் மருமகளும் தவிர.

சூப்பர்வைசர் பேனாவைத் தூக்கி மேசைமேல் எறிந்தாள்.

காலையிலேயே மாமியாரைக் கூப்பிட்டுக் கேட்டாயிற்று. “வேற என்ன வேலைன்னாலும் குடுங்க மேடம். எங்க ரெண்டு பேரையும் ஒரே ஷிப்ட்ல மட்டும் போடாதீங்க.” மருமகளுக்கு போன் செய்தால், எழுதி வைத்து ஒப்பித்ததுபோல அதே வார்த்தைகள். ஏன் என்று கேட்டால் மட்டும் இரண்டு பேர் வாய்க்கும் பூட்டு.

வீட்டுச் சண்டையை வீட்டோடு வைத்துக்கொண்டால் என்ன?

ஆனால் சூப்பர்வைசருக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இவர்கள் ஷூவைப் பார்த்த அன்றே, இந்த இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

ஷிப்ட் தொடங்கும்போது எல்லோரையும் வரிசையில் நிறுத்தி ஷூவைப் பார்ப்பது அவள் வழக்கம். கறுப்பாக இருக்க வேண்டும், பாதத்தை மூடியிருக்க வேண்டும், ரப்பர் அடி வேண்டும். அவரவர் காசில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஷூ இல்லாவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை.

பதினோரு வருடமாகக் குனிந்து பார்த்ததில், பெண்களின் குணம் முகத்தில் தெரியாது, ஷூவில் தெரியும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. பின்பக்கத்தை மிதித்து நசுக்கியவள் சோம்பேறி. குதிகாலை ஒரு பக்கமாகத் தேய்த்தவள் வாயாடி. இதுவரை ஒன்றுகூடத் தப்பியதில்லை என்று பெருமை வேறு. முதுகுக்குப் பின்னால் ‘ஷூ மேடம்’ என்று சொல்கிறார்கள் என்பது அவளுக்கும் தெரியும்.

மாமியாரின் ஷூ காலை ஆறு மணிக்கு முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும். நாடாவை இழுத்து இழுத்து இரட்டை முடிச்சு போட்டிருப்பாள். அழுத்தக்காரி, எதையும் விட்டுக்கொடுக்காதவள். மணி இரண்டு ஆனால் போதும், வீடு பற்றி எரிகிற மாதிரி ஓடுவாள்.

மருமகளின் ஷூ நேர் எதிர். இரண்டு மணிக்கு வேலையைத் தொடங்கும்போதே அழுக்கும் ஈரமுமாக இருக்கும். நாடா தொளதொளவென்று தொங்கும். அதுவும் கடைசி ஆளாக, பத்து நிமிடம் தாமதமாக, காலை இழுத்து இழுத்து வருவாள். அலட்சியம். திமிர் என்றும் சொல்லலாம்.

ஒருத்தியை அனுப்பிவிட வேண்டியதுதான். ஏஜென்சியில் கேட்டால் நாளைக்கே வேறு ஆள் கிடைக்கும். யாரை அனுப்புவது என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. வேலையை விட்டு நிறுத்தும் படிவத்தில் மருமகளின் பெயரை எழுதினாள். காரணம் என்ற இடத்தில், ‘மாமியாருடன் ஒத்துப்போவதில்லை’ என்று எழுதினாள். மேனேஜர் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

மணி இரண்டு ஐந்து. வரிசையில் மருமகளைக் காணோம்.

இதற்குமேல் பொறுக்க முடியவில்லை. காகிதத்தை எடுத்துக்கொண்டு, கீழ்த்தளத்தில் இருக்கும் உடை மாற்றும் அறைக்கு அவளே போனாள். இத்தனை வருடத்தில் அந்தப் பக்கம் அவள் தலைவைத்துப் படுத்ததில்லை.

கதவு பாதி திறந்திருந்தது.

மருமகள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மாமியார் வெறுங்காலோடு தரையில் மண்டியிட்டு, கறுப்பு ஷூ ஒன்றின் முனையில் திணித்திருந்த செய்தித்தாள் உருண்டையை விரலால் நோண்டி எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்ததும் உள்ளே இருந்த வியர்வையைத் துண்டால் துடைத்தாள். நாடாவை முடிந்த மட்டும் தளர்த்திவிட்டு, மருமகளின் பாதத்தைப் பிடித்து மெல்ல மெல்ல உள்ளே நுழைத்தாள். மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

சூப்பர்வைசருக்கு முதலில் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். இதை வாயைத் திறந்து சொன்னால் என்ன என்று கத்தத் தோன்றியது. சொல்லியிருந்தால், ஷூ வாங்கிக்கொண்டு வா என்று அன்றைக்கே ஒருத்தியைத் திருப்பி அனுப்பியிருப்பாள். அது அவளுக்கே தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

கதவருகே நிழலாட, மாமியார் திரும்பிப் பார்த்தாள். பதறி எழுந்து மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து, வெறுங்கால்களைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

காகிதம் சூப்பர்வைசரின் கைக்குள் கசங்கியது.

“ரெண்டு பேருக்கும் என்ன சைஸ்?”

வரிசையில் அதட்டுகிற அதே குரல்தான் வந்தது. வேறு மாதிரி கேட்க அவளுக்குப் பழக்கம் இல்லை.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அத்தைக்கு அஞ்சு, மேடம்,” என்றாள் மருமகள். “எனக்கு ஏழு.”

சூப்பர்வைசர் குனிந்து, தரையில் கிடந்த இன்னொரு ஷூவை எடுத்துத் திருப்பினாள். தேய்ந்த ரப்பர் அடியில் எண் இன்னும் அழியாமல் இருந்தது.

ஆறு.