பழைய எண்

சுரபாயா அலுவலகத்தில் மதிய மழை கண்ணாடியில் வழிகிறது. இறகுப்பந்துப் போட்டிக்காக கணினி நிர்வாகி வெனிங் கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை அடித்து அலுவலகக் கணினியில் புதுக் குழு உருவாக்கி, ஆட்களையும் சேர்த்துவிடுகிறாள். குழுவுக்கு எந்தக் கோப்புகள் சொந்தம் என்று சும்மா கேட்டுப் பார்க்கிறாள். புதுக் குழு என்பதால் ஒன்றுமே வரக்கூடாது. வரிவரியாய்க் கொட்டுகிறது. நேற்று அவள் கணினியிலிருந்து நீக்கிய புகார் விசாரணைக் குழுவின் எண்ணையே கணினி இதற்கும் கொடுத்திருக்கிறது. கோப்புகளில் பதிந்திருப்பது குழுவின் பெயரல்ல, எண்தான்; அதனால் ரகசியப் புகார்கள் அத்தனையும் கூடவே வந்துவிட்டன. கையிலிருந்த வறுத்த வாழைப்பழம் வாய்க்குப் போகாமல் பாதியில் நிற்கிறது. கடைசி வரியில், மேலாளர் தர்சோனோவைப் பற்றி அவளே எழுதிக் கொடுத்த புகார். எதிர் மேசையில் தர்சோனோ மவுஸை உருட்டிக்கொண்டே சிரிக்கிறார்: "குழுவுக்குள்ள வந்துட்டேம்மா. இவ்வளவு ஃபைல் கெடக்கு, மேட்ச் லிஸ்ட் எது? அட, உன் பேருலகூட ஒண்ணு இருக்கே!"