எஞ்சின் விளக்கும் எலுமிச்சம்பழமும்

சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சின் விளக்கு மூன்று நாளாக விட்டுவிட்டு எரிந்து கத்திக்கொண்டிருந்தது. “யோவ், ஸ்பார்க் பிளக் ஒண்ணு போச்சுய்யா! வண்டியை ஓரங்கட்டு!”

சொந்தக்காரர் தணிகைவேல் விளக்கைப் பார்த்தார். “எவன் கண்ணு பட்டுதோ!” என்று பம்பரில் தொங்கிய எலுமிச்சம்பழத்தைக் கழற்றிவிட்டுப் புதுசு கட்டினார்.

“நீயாவது சொல்லேன்,” என்று விளக்கு பழத்திடம் எரிந்து விழுந்தது.

“எனக்கென்ன தெரியும்? நேத்து வரைக்கும் நான் மரத்துல இருந்தேன்,” என்றது பழம்.

நாலாம் நாள் பைபாஸில் வண்டி குபுகுபுவென்று புகைந்து நின்றது. தணிகைவேல் இறங்கிவந்து பழத்தைப் பிய்த்தெறிந்தார்.

“அப்பவே நினைச்சேன்,” என்றார். விளக்கு ஆவலோடு பார்த்தது.

“பூசணிக்காய் உடைச்சிருக்கணும்.”